தாங்கும் வெள்ளை, தாங்காத வெள்ளை

ஒரகடத்தில் எங்களுக்குப் புரட்டாசி என்றால் கூரை ஏறும் மாதம். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் தொழிற்சாலை ஷெட்டின் மேல் எங்கெங்கே ஒழுகும் என்று பார்த்து அடைத்தாக வேண்டும். நான் மெயின்டனன்ஸ் வேலையில் சேர்ந்த புதிதில் இது இரண்டு பேர் மூன்று நாள் செய்கிற வேலையாக இருந்தது. ஏணி, இடுப்பில் பெல்ட், சட்டைப் பையில் சாக்பீஸ், ஒரு சின்ன டப்பாவில் சிவப்பு பெயின்ட். எனக்கு முன்னால் நடப்பவர் வயதான மேஸ்திரி. ஸ்க்ரூ வரிசை போகிற கோட்டின் மேலேயேதான் அவர் கால் விழும். அதற்கு அடியில்தான் பர்லின் என்ற குறுக்குச் சட்டம் ஓடுகிறது. அங்கே கூரை ஆளைத் தாங்கும்.

"வெள்ளையா இருக்குதேன்னு கால வச்சிடாத தம்பி. எந்த வெள்ளைன்னு பாரு" என்பார்.

அவர் சொன்னது வெளிச்சத்துக்காக இடையிடையே போட்டிருக்கும் ஃபைபர் ஷீட்டைப் பற்றி. புதிதில் அது பளிச்சென்று தனியாகத் தெரியும். நாலு கோடையும் நாலு மழையும் பார்த்த பிறகு மங்கி, தூசி அப்பி, பக்கத்துத் தகரத்தோடு ஒரே நிறமாகிவிடும். தகரம் தாங்கும், ஃபைபர் தாங்காது. கீழே பத்து மீட்டரில் சிமென்ட் தரை. மேஸ்திரி ஒழுகலைத் தேடிக்கொண்டே, வழியில் வருகிற ஒவ்வொரு ஃபைபர் ஷீட்டின் நாலு மூலையிலும் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு போவார். அது அவர் வேலையில் சேர்த்தி இல்லை. யாரும் சொல்லவும் இல்லை.

இப்போது சென்னையிலிருந்து ஒரு பையன் பெட்டியோடு வருகிறான். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி ட்ரோனை ஏற்றுகிறான். டீ ஆறுவதற்குள் பாதிக் கூரை முடிந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டி ஒரே படமாக்கி மறுநாள் அனுப்பிவிடுகிறான். ஒருவரும் மேலே ஏறவில்லை, ஒருவரும் விழ வாய்ப்பில்லை. இதைவிட நல்ல மாற்றம் இந்த வேலையில் நான் பார்த்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடப் படம் கணினியில் விரிந்தபோது எங்கோ பார்த்தது போலிருந்தது. வெள்ளைப் பலகைகள், நடுவே கறுப்பாக ஓடும் மழைநீர்க் கட்டர்கள், ஓரங்களில் சாம்பல். துருவக் கடலை விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்கள் இப்படித்தான் இருக்கும். அந்தக் கதைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் நின்று பிழைப்பவன் வேறு எதைப் படிப்பான்?

கடற்பனியை மேலிருந்து பார்க்கும் தொழிலுக்கு வயது நூறுக்கு மேல். 1914-ல் காணாமல் போன ஒரு துருவப் பயணக் குழுவைத் தேடி, யான் நகூர்ஸ்கி என்ற விமானி நோவயா ஸெம்ல்யா தீவின் பக்கம் ஃபார்மன் விமானத்தில் பறந்தார். ஆர்க்டிக்கின் மேல் விமானம் பறந்தது அதுதான் முதல் தடவை. பத்து வருடம் கழித்து, 1924-ல், அதே கடலில் போரிஸ் சுக்னோவ்ஸ்கி கப்பல்களுக்கு வழி சொல்வதற்காகவே பறந்தார். 1928 நவம்பரில் ஹியூபர்ட் வில்கின்ஸ் அண்டார்க்டிகாவில் முதன்முதலாக விமானம் ஏற்றினார். டைட்டானிக் மூழ்கிய பிறகு வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைகளைக் கண்காணிக்க 1914-ல் ஏற்பட்ட ரோந்து, முப்பது வருடத்துக்கும் மேல் கப்பல்களை மட்டுமே நம்பியிருந்துவிட்டு, 1946-ல் விமானத்துக்கு மாறியது.

அந்த விமானங்களில் பனி நோக்கர் என்று ஒருவர் இருப்பார். முழங்காலில் வரைபடம், கையில் பென்சில். கீழே ஓடும் கடலைப் பார்த்து 'பத்தில் எத்தனை' என்று கண்மதிப்பாகக் குறித்துக்கொண்டே வருவார். பத்தில் மூன்று பங்கு பனி என்றால் சாதாரணக் கப்பலும் வளைந்து நெளிந்து போய்விடலாம். பத்தில் ஒன்பது என்றால் பனி உடைக்கும் கப்பல் முன்னால் போக வேண்டும். எவ்வளவு பனி, எந்த வயதுப் பனி, பலகைகள் எவ்வளவு பெரியவை என்பதை ஒரு முட்டை வடிவத்துக்குள் எண்களாக எழுதுவார்கள். தொழிலில் அதற்குப் பெயரே முட்டைக் குறியீடு. சோவியத் விமானிகள் வரைந்த படத்தைச் சுருட்டிக் குழாயில் அடைத்து, தாழப் பறந்து, கீழே காத்திருக்கும் கப்பலின் தளத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். தபால்காரர் வாசலில் வீசிவிட்டுப் போவது போல.

பங்கைக் குறிப்பது பழகினால் வந்துவிடும். சிரமம் பனியின் கனத்தைச் சொல்வதில்தான். புதிதாக உறைந்த பனி, பத்து சென்டிமீட்டருக்குள் இருந்தால், மேலிருந்து கறுப்பாகத் தெரியும். அலை வந்தால் உடையாமல் வளையும். பத்திலிருந்து பதினைந்து வரை சாம்பல் நிறம். முப்பது வரை சாம்பல் கலந்த வெள்ளை. அதற்கு மேல் கெட்டி வெள்ளை. இதுவரைக்கும் குழப்பம் இல்லை. ஆனால் ஓர் இரவு பனித்தூவல் விழுந்துவிட்டால் கையகலக் கனமுள்ளதும் வெள்ளை, ஆள் உயரக் கனமுள்ளதும் வெள்ளை. தூசி படிந்த ஃபைபர் ஷீட்டேதான்.

அப்போது நோக்கர் ஓரங்களைப் பார்ப்பார். மெல்லிய பனிப் பலகைகள் இரண்டு மோதினால் விரல்களைக் கோத்துக்கொள்வது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். கனத்த பனி மோதினால் நொறுங்கி மேடாகக் குவியும். துருவத்தில் சூரியன் எப்போதும் தாழ்ந்தே இருப்பதால் அந்த மேட்டின் நிழல் நீளமாக விழும். நிழலைப் பார்த்து மேட்டை மதிப்பிடலாம். எதிரே மேகத்தின் அடிவயிறு கறுத்திருந்தால் அதன் கீழே திறந்த நீர் இருக்கிறது. வெளுத்துக் கூசினால் இன்னும் பனி. கடலைப் பார்க்க வானத்தைப் பார்க்கிற இந்த வித்தை கப்பல்காரர்களிடமிருந்து விமானத்துக்கு வந்தது.

இத்தனை திறமையும் பறக்கும் பாதைக்கு இரு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குத்தான். மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை. குளிர்கால இருட்டில் சுத்தமாக இல்லை. நேற்று வரைந்த படம் இன்றைக்குப் பழசு, ஏனென்றால் காற்று இரவோடு இரவாகப் பனியை நகர்த்திவிடும். பறந்து போனவர்களில் திரும்பாதவர்களும் உண்டு.

நம் நாட்டின் முதல் அண்டார்க்டிகப் பயணக் குழு அந்தப் பனிக் கடலுக்குப் புறப்பட்டது 1981-ல். டிசம்பர் 6-ம் தேதி கோவாவிலிருந்து போலார் சர்க்கிள் என்ற நார்வே நாட்டுக் கப்பலில் 21 பேர் கிளம்பினார்கள். தலைவர் டாக்டர் எஸ். இசட். காசிம். 1982 ஜனவரி 9-ம் தேதி அண்டார்க்டிகாவில் கால் வைத்தார்கள். முப்பத்து நான்கு நாள். தொடக்க காலப் பயணங்களில் பனிக்குள் கப்பல் நுழைந்த பிறகு அதற்குக் கண் ஹெலிகாப்டர்தான். தளத்திலிருந்து எழும்பிப் போய், பலகைகளுக்கு நடுவே நீர்த்தடம் எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை தூரத்தில் முட்டி நிற்கிறது என்று பார்த்து வந்து சொன்னால்தான் கப்பல் தலையைத் திருப்பும். கடற்படையின் சேத்தக் ஹெலிகாப்டர்கள் இந்த வேலையைச் செய்திருக்கின்றன. வெப்ப நாட்டுக் கடலில் பறந்து பழகிய விமானிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை, தூரம் தெரியாது, உயரம் தெரியாது.

மூன்றாவது பயணத்தில் கட்டிய தட்சிண கங்கோத்ரி நிலையம் கடலோரப் பனி அடுக்கின் மேலேயே நின்றது. தாங்கத்தான் செய்தது. ஆனால் வருடா வருடம் விழுந்த பனி அதை மூடிக்கொண்டே வந்து, 1990-ல் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்த நிலையமான மைத்ரியை 1989-ல் பாறைத் தரை தேடி உள்ளே தள்ளிக் கட்டினார்கள். 2012-ல் திறந்த பாரதியும் பாறை மேல்தான். அந்தக் கட்டடத்தின் எலும்புக்கூடு 134 சரக்குக் கன்டெய்னர்கள். சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் வரிசை கட்டி நின்று தினமும் என் பொறுமையைச் சோதிக்கிற கன்டெய்னர்களின் சொந்தங்கள் அங்கே போய் ஆய்வுக்கூடமாக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் கொஞ்சம் கோபம் தணிகிறது.

இன்றைக்கு மைத்ரிக்குப் போகிறவர்களில் பலர் கேப் டவுனில் இல்யூஷின் சரக்கு விமானம் ஏறுகிறார்கள். ரஷ்யாவின் நோவோலாஸரேவ்ஸ்கயா நிலையத்துக்குப் பக்கத்தில் நீலப் பனியைச் சீவிச் செய்த ஓடுதளம் இருக்கிறது. சில மணி நேரத்தில் இறங்கிவிடலாம். முப்பத்து நான்கு நாளில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்து, முதல் பனித் துண்டு மிதந்து வந்து, பிறகு பலகை பலகையாக நெருங்கியதைப் பார்த்தவர்கள் போன இடத்துக்கு, ஜன்னல் அதிகம் இல்லாத ஒரு வயிற்றுக்குள் உட்கார்ந்து, கடற்பனியைத் தாண்டியது தெரியாமலே போய்ச் சேரலாம். வேலைக்குப் போகிறவருக்கு இது லாபம்தான். நான் போவதாக இருந்தாலும் விமானத்தைத்தான் கேட்பேன். கப்பல் ஆடினால் எனக்கு ஆகாது.

நோக்கரின் பென்சிலை வாங்கிக்கொண்டது செயற்கைக்கோள். 1972 டிசம்பரில் போன நிம்பஸ்-5 மைக்ரோவேவ் கதிர்களால் பனியைப் பார்த்தது. மேகம், இருட்டு எதுவும் அதற்குத் தடையில்லை. 1978 அக்டோபரில் நிம்பஸ்-7 போனது முதல் இன்றுவரை துருவங்களின் கணக்கு அறுபடாமல் வருகிறது. அதற்கு முன் எந்த விமானமும், எத்தனை விமானங்கள் சேர்ந்தும், முழுக் கடலை ஒரே நாளில் பார்த்ததில்லை. 1979 செப்டம்பரில் ஆர்க்டிக் பனி சுருங்கி நின்ற பரப்பு ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இரண்டு இந்தியா. 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சம், ஒரே இந்தியா. தெற்கே கதை வேறு மாதிரி. அங்கே 2014 செப்டம்பரில் குளிர்காலப் பனி 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டி எல்லோரையும் குழப்பியது. 2023 பிப்ரவரியில் கோடைப் பனி சுமார் 18 லட்சத்துக்கு இறங்கி வேறு விதமாகக் குழப்பியது. பென்சில் படங்களை எத்தனை அடுக்கினாலும் இந்த எண்கள் கிடைத்திருக்காது.

ஆனால் அந்தக் கணக்கின் ஒரு கட்டம் பொதுவாக 25 கிலோமீட்டருக்கு 25 கிலோமீட்டர். அதை இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். இருங்காட்டுக்கோட்டை கார் தொழிற்சாலை, ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் கோயில், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம், நடுவில் இருக்கும் ஏரிகள், மிச்சம் இருக்கும் வயல்கள் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கோளிடம் கேட்டால் இத்தனைக்கும் சேர்த்து ஒரே எண் சொல்லும். 1998-ல் இங்கே முதல் சான்ட்ரோ வெளிவந்தபோது அந்த எண் ஒன்றாகவும், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் திறந்தபோது வேறொன்றாகவும், இன்றைக்கு இன்னொன்றாகவும் இருந்திருக்கும். எந்த ஏரிக்கரையில் எந்தக் கூரை வந்தது என்று அது சொல்லாது. கோடையில் துருவப் பனியின் மேல் உருகின நீர் குட்டை குட்டையாக நிற்கும்போது இந்தக் கோள்கள் அதைத் திறந்த கடல் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. நோக்கர் அந்தத் தவற்றைச் செய்ய மாட்டார். குட்டையின் நீலம் அவருக்குத் தெரியும்.

ரேடார் கோள்கள் வந்து கட்டத்தைச் சுருக்கின. நம் ரிசாட்-1 2012-ல் போனது. கடல் காற்றை அளக்க 2009-ல் ஏவிய ஓஷன்சாட்-2-ம் 2016-ல் ஏவிய ஸ்கேட்சாட்-1-ம் கடற்பனியையும் காட்டின. அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் அண்டார்க்டிகா போகும் நம் கப்பலுக்கு வழியில் பனி எப்படி என்று படம் பார்த்துச் சொல்கிறது. 2025 ஜூலை 30 மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் கிளம்பியது. பூமியின் நிலத்தையும் பனியையும் 12 நாளுக்கு ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கான கோள்.

செம்பரம்பாக்கம் ஏரியை விமானத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். தண்ணீர் எவ்வளவு அகலம் விரிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். எத்தனை அடி நிற்கிறது என்று சொல்ல முடியாது. 24 அடி, 3,645 மில்லியன் கன அடி என்கிற கணக்கெல்லாம் மதகடியில் அளவுகோலைப் படிக்கிற ஆளிடமிருந்து வருவது. கடற்பனியிலும் இதே வழக்குதான். பரப்பு எளிது, கனம் கடினம். மிதக்கும் பனியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே நிற்கிறது; அந்த ஒரு பங்கை அளந்து மற்ற ஒன்பதைக் கணக்குப் போட வேண்டும். மேலே இரண்டு விரற்கடை தப்பினால் மொத்தத்தில் முழம் தப்பும். பனித்தூவலின் எடை வேறு பலகையை அமுக்கும்.

அதனால்தான் கோள்கள் வந்த பிறகும் விமானங்கள் ஓய்வு பெறவில்லை. 2009-ல் ஒரு லேசர் கோள் நின்றுபோய், அடுத்தது 2018 செப்டம்பரில்தான் ஏறியது. நடுவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப நாசா ஐஸ்பிரிட்ஜ் என்ற பெயரில் 2009 முதல் 2019 வரை இரு துருவங்களிலும் விமானம் விட்டது. லேசர் மேற்பரப்பைத் தொட்டது, ரேடார் தூவலின் ஆழத்தைத் துழாவியது. இப்போது மேலே இருக்கும் ஐஸ்சாட்-2 நொடிக்குப் பத்தாயிரம் தடவை லேசரைத் தட்டுகிறது. சட்டைப் பையில் பென்சிலோடு போனவர் நாள் முழுக்கப் பறந்தாலும் இத்தனை தடவை கீழே பார்த்திருக்க மாட்டார்.

துருவக் கடலை அறிய இன்னொரு வழியும் உண்டு, அதற்கான கருவி ஒன்று தமிழ்நாட்டில் பிறந்தது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் செய்த இண்டார்க் என்ற கருவித் தொகுதியை 2014 ஜூலையில் ஸ்வால்பார்டின் கோங்ஸ்ஃபியார்டனில் 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டார்கள். மேலிருந்து பார்க்க முடியாததைக் கீழே இருந்து கேட்பது. உப்பு, வெப்பம், நீரோட்டம் என்று கணக்கெடுக்கும். வண்டலூர் வழியாக நான் எத்தனையோ முறை அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். உள்ளே ஆர்க்டிக் கடலுக்குக் கயிறு கட்டுகிறார்கள் என்று தெரியாமலே.

பனியைப் பார்க்கக் கோள்கள் இருந்த காலத்தில்தான், 2013 கிறிஸ்துமஸ் சமயத்தில், அகதெமிக் ஷொகால்ஸ்கி என்ற ரஷ்யக் கப்பல் அண்டார்க்டிகாவில் மாட்டியது. காற்று திசை மாறி, பழைய கனத்த பனியைக் கொண்டுவந்து சுற்றிலும் நெருக்கிவிட்டது. உதவிக்கு வந்த சீனாவின் ஸ்வேலோங் கப்பல் அதை நெருங்க முடியவில்லை. கடைசியில் ஸ்வேலோங்கின் ஹெலிகாப்டர் பனி மேல் இறங்கி, 2014 ஜனவரி 2-ம் தேதி 52 பேரை எடுத்து வந்தது. பிறகு ஸ்வேலோங்கே சில நாள் மாட்டிக்கொண்டது. கோள் படங்கள் இல்லாமல் போனதால் நடந்ததல்ல இது. படம் எடுத்த நேரத்துக்கும் கப்பல் நின்ற நேரத்துக்கும் நடுவில் காற்று வேலை செய்துவிட்டது.

அதனால் இன்றும் பனிக்குள் போகும் கப்பல்கள் பல ஹெலிகாப்டரைச் சுமந்தே போகின்றன. சிலவற்றில் ட்ரோனும் சேர்ந்துகொண்டது. கோள் படம் முந்நூறு கிலோமீட்டரைக் காட்டும். கடைசி மூன்று கிலோமீட்டருக்கு யாராவது எழும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கரையோடு ஒட்டிய பனியில் வண்டி இறக்கிச் சாமான் இழுக்கும்போது அதுவும் போதாது. ஆள் இறங்கி, துளை போட்டு, கோலை விட்டு, எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்த பிறகுதான் வண்டி நகரும்.

எங்கள் கூரைப் படத்தில் ஒழுகலாம் என்று மென்பொருள் பதினோரு இடத்தை வட்டமிட்டுத் தந்திருந்தது. ஒன்பது சரி. ஒன்று காக்காய் எச்சம். இன்னொன்று கட்டரில் தேங்கிய இலை. ஸ்க்ரூவைச் சுற்றி ரப்பர் வாஷர் வெடித்திருப்பது எந்தப் படத்திலும் தெரியவில்லை. கால் வைத்தால் ஸ்க்ரூ லேசாக ஆடும், அப்போதுதான் தெரியும். மேஸ்திரி ஓய்வு பெற்று ஊருக்குப் போய் ஆறேழு வருடமாகிறது. புதிதாக வந்திருக்கும் பையன்களுக்கு ட்ரோன் ரிப்போர்ட் இருப்பதால் கூரையில் நடந்து பழக்கமில்லை. அடைக்க மட்டும் ஏறுகிறார்கள்.

ஏறப் போகிறவனுக்கு வழி காட்டுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். வடக்கு மூலையில் எல்லாமே ஒரே வெள்ளை. தகரமா ஃபைபரா என்று எனக்கே பிடிபடவில்லை. இன்னும் பெரிதாக்கினேன். வெயிலில் வெளிறி, கிட்டத்தட்ட அழிந்துபோய், நாலு மூலையில் நாலு சிவப்புப் பொட்டு இருந்தது.